தாளக்காரர் தூங்காத வருஷம்

கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் செய்யாத குடும்பம் ஒன்று இருந்தால் அது பம்புக்கு உதிரிபாகம் செய்கிற குடும்பமாகத்தான் இருக்கும் என்று சொல்லப்பட்டுவந்த காலத்தில், சத்தி ரோட்டில், கணபதியைத் தாண்டிச் சோளக்காடு தொடங்குகிற இடத்தில், நாச்சிமுத்து என்கிற பம்ப் வீட்டுப் பிள்ளை, பம்ப் செய்ய மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று, டெலிவிஷன் நிலையங்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். அப்போது கோயமுத்தூரில் டெலிவிஷனே தெரியாது. மெட்ராஸில் மட்டும் சாயங்காலங்களில் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தது. கடல் பார்க்காத ஊரில் படகு கட்ட உட்கார்ந்திருக்கிறான் என்று அவருடைய தகப்பனார் உறவுக்காரர்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, படகுக்குப் பலகையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

கம்பெனிக்கு வெள்ளிங்கிரி வீடியோ சிஸ்டம்ஸ் என்று பெயர். கேட்டில் 'விஷன் மிக்சர் தயாரிப்பாளர்கள்' என்று எழுதியிருந்ததால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்னி அரைக்கிற மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். கம்பெனியும் சளைக்காமல் ரிப்பேர் செய்து அனுப்பியது. நிறுவன வரலாறு எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட செய்திகளை நிறுவனரின் படத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவது வழக்கம். ஆனால் முதல் வருஷம் சம்பளம் போட்டது இந்த மிக்சிகள்தான் என்பதை மறைப்பது, சட்னிக்குச் செய்கிற துரோகம்.

பிறகு நிலையங்கள் பெருகின, படகுக்குக் கடல் வந்து சேர்ந்தது, கம்பெனியும் வளர்ந்தது. அது செய்த கருவிகளில், காமிராவுக்குக் காமிரா படத்தை மாற்றிக்கொடுக்கும் மிக்சருக்குத்தான் விலை அதிகம், மரியாதை வேறொன்றுக்கு. ஒரு நிலையத்தில் நான்கு காமிரா இருந்தால், நான்கும் ஒரே கணத்தில் படத்தின் முதல் கோட்டை வரைய ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது படம் உருண்டுவிடும். அந்த ஒரே கணம் எது என்பதை எல்லாக் கருவிகளுக்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிற பெட்டிக்கு சிங்க் ஜெனரேட்டர் என்று பெயர். கச்சேரியில் தவில்காரர் தம் இஷ்டத்துக்குப் பறந்துவிடாமல் ஓரமாக உட்கார்ந்து கைத்தாளம் தட்டுகிறவருடைய வேலைதான் அதற்கும். ஆகவே, கம்பெனியில் செய்யப்படும் ஒவ்வொரு கருவியும் எந்தப் பெட்டியோடு சேர்த்துச் சீர்செய்யப்பட்டதோ, அலைன்மென்ட் ரூமில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்த அந்தத் தாய்ப்பெட்டியைத் தொழிலாளர்கள் தாளக்காரர் என்றார்கள். 'அது' என்று யாரும் சொன்னதில்லை, 'அவர்'தான்.

தாளக்காரர் வருஷம் முழுக்க ஓடுவார், ஆயுத பூஜையன்று மட்டும் ஓய்வார். அன்றைக்குத் திருப்புளியிலிருந்து லேத்து வரைக்கும் எதையும் யாரும் தொடுவதில்லை என்பது கோயமுத்தூர் முழுவதற்கும் பொதுவான சட்டம். முதல்நாள் சாயங்காலம் சுவிட்சை அணைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வெள்ளைத்துணி போர்த்தி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்துவிட்டுப் போவார்கள்; விஜயதசமியன்று காலையில் துணியை விலக்கி எழுப்புவார்கள்.

டில்லியிலிருந்து பெரிய ஆர்டர் வந்த வருஷம் இந்தச் சட்டம் மீறப்பட்டது. அனுப்ப வேண்டிய கருவிகளெல்லாம் தாளக்காரரோடு பிணைக்கப்பட்டு இடைவிடாமல் ஓடிக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஓட்டத்தின் நடுவே ஆயுத பூஜை வந்து விழுந்தது.

"பூஜை போடுங்க, பொட்டு வைங்க, எல்லாம் பண்ணுங்க," என்றார் நாச்சிமுத்து. "சுவிட்சை மட்டும் தொட்டுராதீங்க."

அலைன்மென்ட் ரூமின் தலைவர் ஆறுச்சாமிக்கு இது பிடிக்கவில்லை. "மொதலாளி, ஓடற மிஷினுக்குப் பொட்டு வெக்கறதுங்களா?"

"பஸ்ஸுக்கு வெக்கறதில்லையா?"

"நிறுத்தித்தானுங்க வெக்கறாங்க. ஓடற பஸ்ஸுக்கு வெச்சா பொட்டு டிரைவர் நெத்தியில போயி விழும்."

நாச்சிமுத்து சிரித்தார். ஆனால் சுவிட்சு அணைக்கப்படவில்லை. வெள்ளைத்துணிக்கு அடியில் தாளக்காரரின் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருக்க, ஊரெல்லாம் ஆயுதங்கள் உறங்கின. விஜயதசமி காலையில் வந்து, தூங்காதவரை எல்லோரும் முறைப்படி எழுப்பினார்கள்.

அன்றிலிருந்து அந்தக் காம்பவுண்டுக்குள் கண் பின்தங்கியது.

முதலில் ஒரு இமைப்பு அளவுதான். கேண்டீனில் டம்ளரை வைத்தால் முதலில் சத்தம் வந்தது, அப்புறம் கை இறங்குவது தெரிந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்தால் பூட்ஸ் ஒலிக்குப் பிறகுதான் கை உயர்ந்தது. ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குத்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் காந்திபுரத்துக் கண் டாக்டரிடம் போனார்கள், அங்கே வரிசையில் ஒருவரையொருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். கேட்டைத் தாண்டினால் கண் சரியாக இருந்தது. கேட்டுக்குள் வந்தால் தாமதித்தது. ஐப்பசி மழை வந்தபோது, சுற்றுச்சுவருக்கு உள்ளே இடி முதலில் இடித்து, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்ட பிறகு, மின்னல் நிதானமாக வந்து போயிற்று. கண் இமைக்கிற நேரமும் கை நொடிக்கிற நேரமும் ஒன்றே என்று நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் அளந்து வைத்திருந்தார்கள்; அவர்கள் யாரும் சத்தி ரோட்டுப் பக்கம் வந்ததில்லை. இயற்பியல் படித்தவர்கள் இந்த இடத்தில் ஆட்சேபம் எழுப்பக்கூடும். கம்பெனியின் எஞ்சினியர்கள் அதே ஆட்சேபத்தை அப்போதே எழுப்பினார்கள். ஒரு பலனும் இல்லை.

காரணத்தைப் பற்றித் தொழிலாளர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. "லீவு குடுக்கலை. அதான் அவரே கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக்கறாரு," என்றார்கள். ஆர்டர் போகட்டும், நிறுத்திவிடலாம் என்றார் நாச்சிமுத்து. ஆர்டர் போயிற்று. ஆனால் அதற்குள் இன்னொரு கருத்து பலப்பட்டிருந்தது: எந்த நாளில் தவறு நடந்ததோ அந்த நாளில்தான் அதைச் சரிசெய்ய வேண்டும், கண்ட நாளில் சுவிட்சை அணைத்தால் கண் எங்கே போய் நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் சமாளிப்பது என்று முடிவாயிற்று. டில்லிக்கே கருவி அனுப்பியவர்களுக்குச் சமாளிப்பது தெரியாதா என்ன.

சமாளித்தார்கள். தைப் பொங்கலுக்குள் கண், ஒரு சாப்பாட்டு நேரம் பின்னால் நின்றது. சித்திரையில் ஒரு நாள். யாரும் யார்மேலும் மோதாமல் இருக்க இடுப்பில் மணி கட்டிக்கொண்டார்கள்: அசெம்ப்ளிப் பெண்களுக்குச் சலங்கை, ஸ்டோர்ஸ்காரர்களுக்குச் சைக்கிள் மணி, அதிகாரிகளுக்கு விசில். யூனியன் போராடிக் காது அலவன்ஸ் வாங்கிக் கொடுத்தது. பற்றவைக்கிற வேலையைக் கையின் ஞாபகத்துக்கு விட்டார்கள்; படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலைக்கு மட்டும் சுவரில் ஓட்டை போட்டு வயரை வெளியே இழுத்து, ரோட்டோரத் தகரக்கொட்டகையில் திரையை வைத்துப் பார்த்தார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத டெலிபோன் ஆபரேட்டர் சம்பத், ஒலிபெருக்கியில் போக்குவரத்தை நடத்தினார். "நாப்பது வருஷமா நான் குடியிருக்கற ஊருங்க இது. இப்பத்தான் எல்லாரும் வந்து சேர்றீங்க. வாங்க, வாங்க, நெரிசல் பண்ணாம வாங்க," என்று காலைச் சங்குக்குப் பிறகு தினமும் வரவேற்பார். ஆனால் அவரே ஒருநாள் ஸ்டோர்ஸ் வாசலில் தள்ளுவண்டியில் முட்டிக்கொண்டு, வண்டிக்கு மணி கட்டாதவனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார்.

கண் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பின்தங்கியபோது வேறு தொல்லைகள் வந்தன. கேண்டீன் குப்புராஜ் பாலில் தண்ணீர் கலந்தது இரண்டு வாரம் கழித்து அத்தனை பேர் முன்னிலையிலும் தெரிந்தது. அதற்குள் அவர் திருந்திவிட்டிருந்ததால் என்ன தண்டனை தருவது என்று யாருக்கும் புரியவில்லை. ஸ்டோர்ஸுக்குப் பின்னால் கைகோத்து நின்ற ஜோடி ஒன்று, சண்டை போட்டுப் பிரிந்த பிறகு ஊர்ப்பேச்சுக்கு ஆளாயிற்று. பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து, எல்லாம் ஒழுங்காக இருந்த ஒரு பழைய செவ்வாய்க்கிழமையைப் பார்த்துத் திருப்தியோடு கையெழுத்துப் போட்டுப் போனார். கம்பெனி பிற்பாடு மூடப்பட்டதற்கு இதெல்லாம் காரணமில்லை. அதற்குக் கம்ப்யூட்டர் வந்ததுதான் காரணம், அதில் மாயம் ஒன்றும் கிடையாது.

கண் பின்தங்கப் பின்தங்க, பார்க்கிறதெல்லாம் மெதுவாகவும் நடந்தது. பழைய நாள் ஒன்று கண்ணுக்கு ஓடி முடிய இரண்டு நாள் ஆயிற்று, மூன்று நாள் ஆயிற்று. கண்ணின் பகலும் கடிகாரத்தின் பகலும் பிரிந்துபோனதால், சில சமயம் நட்டநடு மத்தியானத்தில் காம்பவுண்டு கும்மிருட்டாக இருந்தது. கண்ணிரவு வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, சுவரில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி கேண்டீனுக்குப் போனார்கள்.

ஆடி மாசத்தில், காற்று சோளத்தட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருநாள், டீ வேளையில், ஆறுச்சாமி இறந்துபோனார்.

அவருடைய மனைவி குணவதிக்கும் அலைன்மென்ட் ரூமில்தான் வேலை, எதிர்மேஜை. டம்ளர் மேஜைமேல் வைக்கப்படும் சத்தமும், அவருடைய சக்கர நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்த சத்தமும் அவளுக்குக் கேட்டன. கண்ணுக்கோ, ஆனி மாசத்து ஆறுச்சாமி மானிட்டருக்குள் திருப்புளியை விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். குணவதி எழுந்து போய்க் கையால் தடவித்தான் தெரிந்துகொண்டாள். நான்கு பேர் தடவித் தடவித் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவர் இறந்தவராகத் தெரிந்தார்.

காரியம் முடிந்து, துக்கத்துக்கு வந்த ஒறம்பரைச் சனமெல்லாம் போன பிறகு, குணவதி வேலைக்கு வந்தாள். கணவர் இடுப்பில் இருந்த அலமாரிச் சாவி இப்போது அவள் தாலிக்கொடி இருந்த இடத்தில், ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கியது. ரூமுக்குள் நுழைந்தாள். ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். ஆனி மாசம் இன்னும் பாதி இருந்தது.

அதன் பிறகு அவள் அந்த எதிர்மேஜையை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. தனக்குத்தானே ஒரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: கையை நீட்டுவதில்லை. கண்ணுக்கு அவர் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியைத் தொடுவதில்லை, அந்த மேஜையைத் துடைப்பதில்லை, அந்தப் பக்கம் நடப்பதுகூட இல்லை. தொட்டால் காலியாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை எதற்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும்?

அவளுக்கு ஒரு தொந்தரவு இருந்தது. ஆனி மாசம் முழுக்க அவள் அவரோடு பேசாமல் இருந்திருந்தாள். அவளுடைய அண்ணன் வீட்டுக் கெடாவெட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்று கோபம். அதனால், இப்போது கண்ணுக்குத் தெரிந்த ரூமில் இரண்டு பேர் இருந்தார்கள்: திரும்பித் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்த ஆறுச்சாமி, இவளுக்குப் பக்கத்திலேயே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆனி மாசத்துக் குணவதி. அவர் வாய் அசைந்தது. சத்தமோ எப்போதோ வந்து, கேட்கப்படாமல் போய்விட்டிருந்தது.

"அந்தப் பொம்பளைக்கு அப்படி என்னடி வீம்பு? ஒரு தடவை திரும்பினா கழுத்து சுளுக்கிக்குமா?" என்றாள், சாப்பாடு கொண்டுவந்த ரத்தினாவிடம். ரத்தினா அசெம்ப்ளியில் வேலை செய்கிறவள். அவளுடைய மகள் பிருந்தா, தொழிலாளர் குழந்தைகளுக்காகக் கம்பெனி நடத்திய காப்பகத்தில் இருந்தாள்.

"அது நீங்கதானுங்க்கா."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

ஆடி பிறந்ததும் சமாதானமாகிவிட்டதாகக் குணவதி சொன்னாள். அதற்குப் பிறகு அந்த நாளுக்காகக் கம்பெனியே காத்திருந்தது. ஒவ்வொரு கண்ணிரவு விடியும்போதும் வேலைக்கு நடுவே யாராவது கதவோரம் வந்து, "திரும்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் ஆனி மாசத்துக் குணவதி ஆடி மாசத்துக் குணவதியானாள். முதுகு மெல்ல மெல்ல, வீம்போடு நின்று நின்று திரும்பியது. முகம் முழுதாகத் திரும்பி அவரைப் பார்க்க, காலைச் சங்கிலிருந்து மத்தியானச் சங்கு வரைக்கும் ஆயிற்று. குப்புராஜ் அன்றைக்குக் கேண்டீனில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றினார், தண்ணீர் கலக்காத பாலில்.

ஆயுத பூஜை வந்தது. தாளக்காரருக்கு ஒரு வருஷம் தாமதமாக லீவு கொடுப்பதற்காக நாச்சிமுத்து முன்னே நடக்க, பூசணிக்காயும் சந்தனமும் வெள்ளைத்துணியுமாக எல்லோரும் மணியோசையோடு அலைன்மென்ட் ரூம் வாசலுக்கு வந்து நின்றார்கள். சாவி குணவதியிடம் இருந்தது.

"அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "எல்லாரும் சேந்து முடிவு பண்ணதுதானே."

"தெரியுமுங்க."

"ஒரு நிமிஷ வேலை."

"மொதலாளி, இப்ப ஆடி ரெண்டாந்தேதி ஓடிட்டிருக்குது. அவரு போனது ஆடி பதினஞ்சு." சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "தாளக்காரரு நாளுக்கு நாள் மந்தமாயிட்டே வர்றாரு. பதினஞ்சாந்தேதி டீ வேளைக்கு முன்னாலயே அவரு அப்படியே நின்னுட்டாருன்னா, இவரும் அப்படியே நின்னுக்குவாரு. உசிரோட. நிக்கட்டுங்களே."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் ஆசைக்காகக் கம்பெனி முழுக்கக் குருடாகத் திரிய வேண்டுமா என்று கேட்பதற்காக வாயையும் திறந்தார். அதற்குள் அவருக்குப் பின்னால் மணிச்சத்தம் கலைந்து திரும்ப ஆரம்பித்தது. முதலில் சலங்கைகள், பிறகு சைக்கிள் மணிகள், கடைசியில் கொஞ்சம் தயங்கி, விசில்கள். பூசணிக்காயைக் குப்புராஜ் சாம்பாரில் போட்டார். தாளக்காரர் இரண்டாம் வருஷமும் தூங்கவில்லை.

அந்தக் கருணைக்கு அவர்கள் கொடுத்த விலை சின்னதில்லை. ஒருவன் சுடுகிற சாலிடரிங் இரும்பைக் கையால் பிடித்தான். ஒருத்தி படிக்கட்டில் உருண்டதில் தோள்மூட்டு நழுவியது. குணவதியின் காதில் விழாதபடி கட்டுப்போட்டுக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவள் மேஜையை விட்டு எழவில்லை.

கார்த்திகை மாசத்தில் ஆடி பதினைந்து வந்தது. அன்றைக்குத் தாளக்காரர் நிற்கப்போகிறவரைப் போல இழுத்தார். ஆறுச்சாமி டீ டம்ளரை மேஜையிலிருந்து எடுத்தார். அது உதட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆயிற்று. குணவதி வீட்டுக்குப் போகவில்லை. டம்ளர் உதட்டில் நின்றது. அவர் கண்ணை லேசாக மூடி, சூட்டை ஊதிக் குடிக்கப் போகிற முகத்தோடு இருந்தார். அவர் டம்ளரை மறுபடி கீழே வைத்தால் முடிந்தது. வைப்பதற்குள் தாளக்காரர் நின்றுவிட்டால் அவர் என்றைக்கும் குடித்துக்கொண்டே இருப்பார். அலமாரிக்குள் துடிப்பு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காதால் அளந்துகொண்டு, மூச்சு விடுவதற்கே கஞ்சத்தனம் பண்ணிக்கொண்டு, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலேயே குளிர்சாதனம் இருந்த ஒரே ரூம் அது, மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. யாராரோ வந்து கதவைத் திறந்து, சாப்பாட்டையோ டீயையோ வைத்துவிட்டுப் போனார்கள். அவள் யார் என்று கேட்கவில்லை.

முற்பகலில் காப்பகத்திலிருந்து சத்தம் வந்தது. பிருந்தாவைக் காணோம்.

குழந்தை சலங்கையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. சலங்கை மட்டும் பாயில் கிடந்தது. எல்லோர் கண்ணுக்கும் காப்பகம் நிறைய ஆடி மாசத்துக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள், அதில் பிருந்தாவும் சிரித்துக்கொண்டு பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். யார் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள், மோதினார்கள். அப்போது யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது: மழைத்தண்ணீர் விடுவதற்காகக் காலையில் தரைத்தொட்டியின் மூடியைத் திறந்தார்கள், இன்னும் மூடவில்லை.

ஒலிபெருக்கியில் சம்பத்தின் குரல் வந்தது. அதில் எப்போதும் இருக்கும் கிண்டல் இல்லை.

"நின்ன எடத்துலயே நில்லுங்க. மணியைக் கையில புடிச்சுக்குங்க. ஒருத்தரும் கூப்பிடாதீங்க. புள்ளை சத்தம் கேக்குதான்னு பாப்போம்."

கம்பெனி நின்றது. அத்தனை மணிகளையும் அத்தனை கைகள் இறுக்கிப் பிடித்தன. தரைத்தொட்டிக்குள் இறங்கியிருந்த ஒருவர் தண்ணீரைத் துழாவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவரும் நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை.

"தெரியலைங்க," என்றார் சம்பத், மைக்கை அணைக்க மறந்து, தனக்குத்தானே.

அலைன்மென்ட் ரூம் கதவு திறந்தது. நுழைந்தவள் மணியைப் பிடித்திருந்தாள், ஆனால் மூச்சு வாங்கிய விதத்தில் குணவதிக்கு ஆள் தெரிந்தது.

"குணாக்கா."

"சொல்லு ரத்தினா."

ரத்தினா வாசலிலேயே நின்றாள்.

"தொட்டியில யாரு எறங்கியிருக்கறது?"

"குப்புராஜண்ணன். தண்ணி கழுத்து வரைக்கும் நிக்குதாம். கையில தடவிட்டிருக்கறாரு."

"கெடைக்கலையா?"

"இல்லீங்க்கா."

"வேற எங்கியாச்சும் பாத்தீங்களா?"

"பாக்கறதுக்குத்தான் முடியலைங்களே," என்றாள் ரத்தினா. பழி சொல்கிற குரல் இல்லை. அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை, போகவும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குணவதி மறுத்திருக்கலாம், அழுதிருக்கலாம், இன்னும் ஒரே ஒரு நாள் என்று கெஞ்சியிருக்கலாம். வெளியே முற்றத்தில் மணியைப் பிடித்துக்கொண்டு நின்ற எவரும் கேட்கவில்லை. ஆயுத பூஜையன்று திரும்பிப் போனவர்கள், இப்போது திரும்பிப் போகாமல் நின்றார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆறுச்சாமியின் உதட்டிலிருந்து டம்ளர் இன்னும் பிரியவில்லை. நெற்றியில் ஒரு வேர்வைத்துளி மட்டும் புதிதாக இருந்தது.

குணவதி எழுந்தாள். அலமாரி அவளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி நடந்தால் அவருக்கு முதுகைக் காட்ட வேண்டும்; அதனால் அவரைப் பார்த்தபடியே, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, பின்புறமாக நடந்தாள். கயிற்றோடு சாவியைக் கழுத்திலிருந்து எடுத்து, முதுகுப்பக்கம் கையை வளைத்து, கண்ணாடிக் கதவைத் துழாவித் திறந்தாள். சுவிட்சில் விரல் பட்டது. அது சூடாக இருந்தது, காய்ச்சல்காரர் கையைப் போல.

"ஏனுங்க," என்றாள் எதிரே பார்த்து. "குடிச்சது போதும். வெச்சிருங்க."

சுவிட்சை அணைத்தாள்.

எல்லா இடமும் கறுப்பானது. நிலையங்களில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் திரைக்கு வரும் சுத்தமான கறுப்பு. முற்றத்தில் யாரோ விசும்புவது கேட்டது. பிறகு கார்த்திகை மாசம் வந்தது: ஜன்னலில் மழைவெளிச்சம், தூசி படிந்த மேஜை, காய்ந்துபோன டீக்கறை வளையம், ஆள் இல்லாத மேஜைக்குப் பின்னால் அந்தச் சக்கர நாற்காலி.

நாற்காலி காலியாக இல்லை. இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடக்கி, கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு, மழைக்கு முன்னால் வெளியே புழுங்கிய புழுக்கத்துக்கு இந்தக் குளிர் எவ்வளவோ சுகம் என்று கண்டுபிடித்தவளைப் போல, பிருந்தா தூங்கிக்கொண்டிருந்தாள். குணவதி இத்தனை நேரமும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில்தான்.

குணவதி அந்தப் பக்கம் நடந்தாள். கையை நீட்டினாள். கன்னம் குளிர்ந்திருந்தது, மூச்சு சூடாக வந்தது. இரண்டு கையாலும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை, தூங்குகிற குழந்தைகள் எல்லோரையும் போல, தன் எடைக்கு மேல் கனத்தது.

"இங்க இருக்கறாடி," என்றாள். அவள் சொல்லும்போதே ரத்தினாவின் முகம் திரும்புவது தெரிந்தது.

ரத்தினா வந்தாள். இடையில் இருந்த முக்காலி, வயர் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு வந்தாள். குழந்தையைப் பிடுங்கி, முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், நனைந்து சொட்டச் சொட்டத் தொட்டியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த குப்புராஜும், வாசற்படியில் வெறுங்கையோடு நின்ற நாச்சிமுத்துவும், மணிகளைப் பிடித்த பிடி விடாமல் நின்ற அத்தனை பேரும் பார்க்க, முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். கை இறங்கியதும் சத்தம் எழுந்ததும் ஒரே கணத்தில் நடந்தன. பிருந்தா விழித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து, திறந்த அதே நேரத்தில், அழுகை வந்தது.